மேரி மலையின் முன்பக்கம்

மேரியக்காவைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் எனக்கு முன்பே செய்தி வந்திருக்கும். எனக்குக் கடைசியில்தான் வந்தது. காலையில் நாற்றங்காலில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஆட்டுக்காரர் கோவிந்தன் போன் செய்தார்.

“சார், மேரியக்கா போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க. வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சி.”

“யார் யாருக்குச் சொன்னே?”

“எல்லாருக்கும் சொல்ட்டேன் சார். நீங்கதான் பாக்கி.”

முப்பது வருஷம் கூட வேலை செய்த மனுஷி போய்விட்டாள் என்று கேட்டதும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. என்னை ஏன் கடைசியில் வைத்தான் என்ற கோபம்தான் வந்தது. அஞ்சலி எழுதுகிறவன் இதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாதுதான். ஆனால் மேரியைப் பற்றி எழுத உட்கார்ந்துகொண்டு பூசி மெழுகினால், அவரை அறிந்த நீங்களே என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள்.

அவரை வேலைக்கு வைத்தவன் நான். செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர்ப் பாறைக்குன்று. பொது நிலம், அன்றைக்கு வெறும் மொட்டை. அதில் மரம் வளர்க்க ஒரு சிறிய தொண்டு அமைப்பு வந்தது. விவசாய டிப்ளமா படித்த நான் பொறுப்பாளர். லூர்துமேரி எட்டாவது படித்தவர், நாலு ஆடு வைத்திருந்தவர், கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றத் தினக்கூலிக்கு வந்தார். ஊரில் என்னை ‘சார்’ என்றார்கள், அவரை ‘அக்கா’ என்றார்கள். சாரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். அக்காவைக் கண்டால் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள். எது பெரிய மரியாதை என்று எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று.

சாலையைப் பார்த்த முன்பக்கச் சரிவில் நான் ஆரம்பித்தேன். காரை, சூரை என்று இருந்த முட்புதர்களையெல்லாம் வெட்டி எரித்தேன். கயிறு பிடித்து வரிசையாகக் குழி எடுத்தேன். ‘மாதிரி மரத்தோட்டம்’ என்று ஒரு தகர போர்டு எழுதி, அடியில் என் பெயரையும் போட்டேன். மேரி குடத்தோடு வந்து நின்றார்.

“இந்த முள்ளு இன்னா சார் பண்ணுச்சு உங்கள?”

“முள்ள எடுத்தாத்தானேம்மா மரம் வரும்?”

“முள்ளு இருந்தாத்தான் சார் ஆடு வாய வெக்காது. கன்னு அதுக்குள்ள பத்திரமா இருக்கும்.”

பத்து ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. “எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டியா? அவ்ளோ தெரிஞ்சா பின்பக்கம் சும்மாத்தானே கெடக்குது, அங்க போய்க் காட்டு உன் வித்தைய” என்றேன். குத்தலாகச் சொன்னேன். அவர் சரி சார் என்று போய்விட்டார். என் கன்றுகளில் பாதியை அந்தக் கோடையில் ஆடு தின்றது, மீதியை வெயில் தின்றது.

பின்பக்கத்தில் மேரி ஒரு குழிகூட எடுக்கவில்லை. காலையில் ஆட்டுப் பட்டிகளுக்குப் போய்ப் புழுக்கையைக் கூட்டி அள்ளுவார். வெள்வேலங்காயும் இலந்தையும் தின்ற ஆடுகள் கழித்த கொட்டைகள் அதில் கிடக்கும். “ஆட்டு வயித்துல ஒரு தபா போயி வந்த வெத சீக்கிரம் மொளைக்கும் சார்” என்பார். மழைக்கு முன்னால் அவற்றை முட்புதர்களின் அடியில் செருகிவிட்டு வருவார். அவ்வளவுதான் வேலை. நான் தடியோடு துரத்திய ஆட்டுக்காரர்களை, அவர் சித்திரை மாதம் பாறை நிழலில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். எந்தப் பள்ளத்தில் எப்போது மேய்ப்பது, எதை எத்தனை மழைக்கு மேய்க்காமல் மூடிவைப்பது என்று அவர்களையே பேசி முடிக்கவைத்தார். “ஆட்ட வெரட்டுனா திருட்டுத்தனமா வரும். ஆட்டுக்காரர கூப்ட்டு ஒக்கார வெச்சா சொல்லிட்டு வரும்” என்பது அவர் வாக்கு.

ஒரு வறட்சிக்குக்கூட அது தாங்கக் கூடாது என்று நான் உள்ளூர வேண்டிக்கொண்டேன். தாங்கிவிட்டது. புதருக்குள்ளிருந்து வெள்வேலம் தலை நீட்டியது. குருவிகள் வந்தன, அவை போட்ட விதையும் முளைத்தது. கீழே கிணறுகளில் பங்குனியிலும் தண்ணீர் நின்றது. பாறை இடுக்கெல்லாம் சீத்தா காய்த்து, ஊர்ப் பெண்கள் கூடை கூடையாகச் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். ஒருநாள் என் மனைவியோடு பஸ்ஸுக்கு நிற்கிறேன். “மேரி மலைப் பழம்மா, மாவு மாதிரி இருக்கும்” என்று ஒரு பெண் கூவுகிறாள். எந்த மேரி, எந்த மலை? குன்றுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்! என் பெயர் தகரத்தில் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. மனைவி வாங்கிய பழத்தை நான் தொடவில்லை. மறுநாள் யாரும் இல்லாத நேரத்தில் இரண்டு தின்றேன். மாவு மாதிரிதான் இருந்தது.

அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை வெளியூரிலிருந்து ஒரு குழு குன்றைப் பார்க்க வந்தது. மேரி மகள் வீட்டுக்குப் போயிருந்தார். பின்பக்கம் அழைத்துப் போனேன். ‘நாங்கள்’ என்று தொடங்கியவன் பாதி வழியில் ‘நான்’ ஆகிவிட்டேன். ஓர் உயரமான வெள்வேலத்தைத் தட்டி, இது என் கையால் நட்டது என்று போட்டோவுக்கு நின்றேன். கோவிந்தன் ஆடுகளோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மேரி வந்ததும் சண்டை வரும் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

“அந்த மரத்த நீங்க நட்டதுன்னு சொன்னீங்களாமே சார்.”

“அது வந்து... பேச்சு வாக்குல...”

“அது நான் வெச்சதும் இல்ல சார். ஆடு போட்டது. அடுத்த தபா சொல்லும்போது அது பேரையும் சேத்துக்கோங்க.”

சொல்லிவிட்டுக் கலகலவென்று சிரித்தார். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். தன்னுடையது என்று அவர் நினைக்காத ஒன்றைப் போய் நான் திருடியிருக்கிறேன்!

அடக்கம் அன்று கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது, ஊரின் எல்லாப் பட்டிகளிலிருந்தும் ஆடுகள் கத்துவது கேட்டது. அக்காவுக்காக அன்று ஒருவரும் ஆட்டை அவிழ்க்கவில்லை. நான் செத்தால் ஓர் ஆடாவது அரை நாள் பட்டினி கிடக்குமா என்று, கையில் பிடிமண்ணோடு, யோசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அழுகை வந்தது. யாருக்காக என்று கேட்காதீர்கள்.

இனி சித்திரையில் ஆட்டுக்காரர்களை யார் உட்காரவைத்துப் பேசவைப்பது? என்னிடம் வருவார்கள் என்று காத்திருந்தேன். கோவிந்தன் வந்தார்.

“அத நாங்களே பாத்துக்குறோம் சார். போன வருஷமே அக்கா எங்ககிட்ட வுட்டுட்டு வெறுமனதான் ஒக்காந்திருந்தாங்க. நான் வந்தது வேற விஷயம். முன்பக்கத்தயும் எங்களோட சேத்துக்கட்டுமா? அக்காவுக்கு ரொம்ப நாளா கேக்கணும்னு ஆசை. சார் மனசு கஷ்டப்படும், நான் இருக்கறவரிக்கும் கேக்காதீங்கன்னுட்டாங்க.”

முப்பது வருஷம் என் மொட்டைச் சரிவைத் தினமும் பார்த்துக்கொண்டு, எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். என் வறட்டுக் கௌரவத்துக்கும் ஒரு முள்வேலி போட்டுக் காப்பாற்றி வந்திருக்கிறார். சேத்துக்கோ என்றேன்.

நேற்று முன்பக்கம் ஏறிப் போனேன். என் பழைய குழி ஒன்றில் காரை ஒன்று தானாக முளைத்து முழங்கால் உயரம் நின்றது. கை பழக்கத்தில் அரிவாளைத் தேடியது. விட்டுவிட்டேன். மேரியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான், முள்ளைக் கண்டால் கையைக் கட்டிக்கொள்வது. கோவிந்தன் என் போர்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். “பட்டிக்குக் கதவு இல்ல சார், எடுத்துக்கட்டா?” என்றார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஆட்டுப் பட்டியில் பொறுக்கி வந்திருந்த நாலு கொட்டையை அந்தக் காரைக்கு அடியில் செருகிவிட்டுத்தான் இறங்கினேன்.

முளைக்கும். சாலையில் போகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி ஒருநாள் முன்பக்கமும் பச்சையாகும். அதையும் மேரி மலை என்றுதான் சொல்வார்கள். வயிறு எரிகிறது. எரியட்டும்.