நகராமல் நின்றவர்

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. கணக்கு டீச்சர் என்றால் அப்படித்தான் இருப்பார்கள் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த இரண்டாம் அலைக் காலத்தில் அந்த வாய்க்கு ஒரு வேலை கிடைத்தது. கள்ளக்குறிச்சியில் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஓர் உதவி மையம் ஆரம்பித்தார்கள். பூட்டிக் கிடந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில் மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மேஜைக்கு ஒரு போன் என்று நான்கு பேர் உட்கார்ந்தோம். மாத்திரை வேண்டும், காய்கறி வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேண்டும் என்று கேட்பவர்களை, அதைக் கொடுக்கக்கூடியவர்களோடு சேர்த்துவிடுவது எங்கள் வேலை.

கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் கிசுகிசுவென்றுதான் பேசுவார்கள். பக்கத்து வீட்டில் கேட்டுவிடும், வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள் என்ற பயம். கருணாபுரத்திலிருந்து ஒரு பெண், எதிர் வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல் மாத்திரை வேண்டும் என்று கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். எனக்கு மட்டும் தைரியமா என்ன? காலையில் எழுந்ததும் எச்சிலை விழுங்கிப் பார்ப்பேன், தொண்டை வலிக்கிறதா என்று. பிறகு காபித்தூள் டப்பாவைத் திறந்து மோந்து பார்ப்பேன். வாசனை வந்தால்தான் மையத்துக்குக் கிளம்புவேன். வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. அவர் இருக்கும் அறைப் பக்கமே நான் போகவில்லை.

கல்வராயன் மலையிலிருந்து வரும் போன்கள்தான் என்னை மிகவும் எரிச்சல்படுத்தின. ஒருவர் கூப்பிடுவார், மருந்து கேட்பார். கடைக்காரரிடம் பேசிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வரும். "போனையும் போட்டுட்டு ஆஃப் பண்ணிட்டுப் போனா நாங்க இன்னா பண்றது?" என்று ஒருநாள் மேஜையைத் தட்டினேன். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். அவர் மலைக்கு மினி பஸ் ஓட்டுகிறவர். பஸ் நின்றுபோனதால் எங்களோடு போன் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆஃப் பண்ல டீச்சர். அங்க எல்லா எடத்துலயும் டவர் கெடைக்காது. ஊருக்கு ஒரு பாறை இருக்கும். அது மேல ஏறுனாதான் பேச முடியும். பேசிட்டு எறங்கிட்டா அவ்ளோதான்."

அன்றிலிருந்து மலை போன் வந்தால் நான் ஒரு வழி வைத்துக்கொண்டேன். "டவர் கெடைக்கிற எடத்துலேயே இருங்க. நான் கூப்புடற வரைக்கும் நவுராதீங்க" என்று கறாராகச் சொல்லிவிடுவேன். அவர்கள் நிற்பார்கள். பத்து நிமிடத்தில் நானும் கூப்பிட்டுவிடுவேன். வேலை சுலபமாக முடிந்தது. மற்ற மூன்று பேரிடமும் இப்படியே சொல்லச் சொன்னேன். எனக்கு அதில் பெருமை வேறு.

ஒருநாள் காலை ஒன்பதரை மணி இருக்கும், மலையிலிருந்து ஓர் ஆள் கூப்பிட்டார். குரலை வைத்து ஐம்பது வயது சொல்லலாம். ஓடி வந்தவர் போல மூச்சிரைத்தது.

"அம்மா, எங்க வூட்ல அதுக்கு மூச்சு வாங்குதுங்க. பேச முடியல. ஆறு நாளா காய்ச்சல்."

"ஆறு நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"பயந்துக்கினு இருந்தோங்க."

அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஊர்ப் பெயரையும், வண்டி எதுவரை வரும் என்பதையும் கேட்டுக்கொண்டேன். தார் ரோடு முடியும் இடம்வரை வரும் என்றார். வழக்கம்போல நகராமல் இருக்கச் சொல்லிவிட்டு, எங்கள் பட்டியலில் இருந்த ஆம்புலன்ஸ்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மூன்றாவது ஆள் வடக்கனந்தல் பக்கம் இருந்தார். வருகிறேன் என்றார். அவரிடம் மலைக்காரரின் நம்பரைக் கொடுத்தேன். பிறகு மலைக்காரரைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, வண்டி கெளம்பிடுச்சு. தார் ரோடு முடியற எடத்துக்கு வந்ததும் டிரைவர் உங்களுக்கு போன் பண்ணுவாரு. அதுவரைக்கும் அங்கேருந்து நவுராதீங்க. புரியுதா?"

"புரியுதுங்க. நவுரல."

நோட்டில் அவர் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டேன். அடுத்த போன் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. நான் மறந்தே போனேன்.

இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் டிரைவர் கூப்பிட்டார். கோபமாக இருந்தார். "இன்னா மேடம், அரை மணி நேரம் அங்க நின்னேன். ஹாரன் அடிச்சு அடிச்சு கையே வலிச்சிப்போச்சு. ஒருத்தரும் வரல. அந்த ஆளுக்கு போன் போடலாம்னா என் போன்ல டவரே இல்ல. கீழ எறங்குனப்புறம்தான் லைன் வந்துச்சு. இப்ப வேற கேஸ் ஏத்திக்கினு போய்க்கினு இருக்கேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. வண்டியை வரவழைத்துவிட்டு எங்கே போய்த் தொலைந்தார் என்று பல்லைக் கடித்தபடி மலைக்காரரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"எங்க அண்ணா போயிட்டீங்க? வண்டி வந்து நின்னுட்டுத் திரும்பிப் போயிடுச்சு!"

"நான் எங்கியும் போகலீங்க. நீங்க நவுராதன்னு சொன்னீங்களே. காலைலேருந்து பாறை மேலயேதான் நின்னுக்கினு இருக்கறேன். போனு வரல."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அப்போதுதான் கேட்டேன். காலையில் முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டியதை மத்தியானம் இரண்டு மணிக்குக் கேட்டேன்.

"வூட்ல அவங்க கூட யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லீங்க. பொண்ணு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனது, வர முடியல. ஊர்க்காரங்க பயத்துல கிட்ட வர மாட்டாங்க. அது மட்டும்தாங்க கெடக்குது."

மலையில் டவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த மலைக்குப் போகும் டிரைவரின் போனும் செத்துப்போகும் என்று எனக்கு உறைக்கவில்லை. வீட்டிலிருந்து தார் ரோடு வரைக்கும் அந்தம்மாவை யாராவது தூக்கிவர வேண்டும், தூக்கக்கூடிய ஒரே ஆளை நான் பாறை மேல் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்பதும் உறைக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் கணக்கில் ஒரு படியை விட்டுவிட்டால் காதைத் திருகுகிறவள் நான்.

அதற்குள் அவரே கேட்டார். "அதுக்கு இப்ப எப்டி இருக்குதுன்னு டிரைவர் சொன்னாருங்களா?"

வண்டி வந்து போனது என்றதும், டிரைவர் வீட்டுக்கே போய்த் தன் மனைவியைப் பார்த்திருப்பார், எனக்குச் சேதி சொல்லியிருப்பார் என்று அவர் நினைத்துவிட்டார்.

"அண்ணா, எறங்குங்க. உடனே வூட்டுக்கு ஓடுங்க. எப்படியாவது அவங்கள ரோட்டுக்குக் கொண்டாந்துடுங்க. வேற வண்டி அனுப்பறேன்."

"நான் போயிட்டா உங்க போனு வந்தா யாருங்க எடுக்கறது?"

"போன் கெடக்கட்டும், ஓடுங்க!" என்று கத்தினேன். மாடியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வேறு ஆம்புலன்ஸ் ஒன்றும் கிடைக்கவில்லை. மினி பஸ்காரர் எழுந்தார். காய்கறி ஏற்றும் நண்பரின் வண்டியைக் கேட்டு வாங்கினார். அந்தத் தார் ரோடு முடியும் இடம் அவருக்குத் தெரியும். படியில் கால் வைத்தவர் திரும்பி, "டீச்சர், பொம்பளயத் தூக்கணும். கூட ஒரு பொம்பள இருந்தா நல்லது. வரீங்களா?" என்று கேட்டார்.

"எங்க மாமியாருக்கு சுகர்" என்றேன்.

அது உண்மைதான். ஆனால் நான் மாமியாரை நினைத்துச் சொல்லவில்லை. அந்தம்மா விடும் மூச்சு என் முகத்துக்குப் பக்கத்தில் வருவதை நினைத்தேன். அந்த வண்டிக்குள் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும் என்று நினைத்தேன். பயந்தேன். அவர் மாஸ்க் மேல் இன்னொரு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு நான் அந்த மேஜையில் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்தேன். கேஸ் சிலிண்டர் எப்போது வரும் என்று கேட்டவரிடம் எரிந்து விழுந்தேன். மலைக்காரரைக் கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கமாட்டார் என்று தெரிந்தே. அந்த அம்மா கூப்பிட்டிருப்பாரா, தண்ணீர் கேட்டிருப்பாரா, யாரும் வராமல் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்திருப்பாரா என்று மனசு போய்க்கொண்டே இருந்தது. அவர் செத்திருந்தால் கொன்றது நான்தான். யார் சமாதானம் சொன்னாலும் அது அப்படித்தான்.

சாயங்காலம் ஆறரைக்கு மினி பஸ்காரர் மலை இறங்கி, கச்சிராயபாளையத்திலிருந்து கூப்பிட்டார். "உசுரு இருக்கு டீச்சர். அவரும் பக்கத்து வூட்டுக்காரர் ஒருத்தரும் போர்வைல கட்டித் தூக்கியாந்து ரோட்டோரம் ஒக்காந்திருந்தாங்க. இப்ப பின்னாடி படுத்திருக்காங்க. வேற எதுவும் கேக்காதீங்க, வண்டி ஓட்டணும்."

ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. ஆக்சிஜன் வைத்தார்கள். மூன்றாம் நாள் மினி பஸ்காரருக்குக் காய்ச்சல் வந்து வீட்டில் தனியாகப் படுத்துவிட்டார். நான் போயிருக்க வேண்டிய வண்டி அது. அவருடைய காலி நாற்காலியைப் பார்க்காமல் வேலை செய்யப் பழகிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் மலைக்காரர் கூப்பிட்டார்.

"அம்மா, அது பொழச்சிக்கிச்சுங்க. வூட்டுக்கு வந்துட்டோம். கஞ்சி குடிக்குது."

அழுதுவிட்டேன். மேஜையில் யாரும் பார்க்கிறார்களா என்றுகூடக் கவலைப்படவில்லை. அவர் பேசிக்கொண்டே போனார்.

"எல்லாம் உங்களாலதாங்க. நீங்க சொன்னதத் தட்டாம அங்கியே நின்னேன் பாருங்க, அதான் காப்பாத்துச்சு. நடுவுல எறங்கி இருந்தா உங்க போனு எனக்கு வந்திருக்காது. ஊர்ல எல்லாருக்கும் சொல்லிட்டேங்க. யாருக்கு நோவுன்னாலும் பாறைக்குப் போயி அந்தம்மாவுக்கு போன் போடுங்க, அவங்க எறங்கச் சொல்ற வரைக்கும் எறங்காதீங்கன்னு. அன்னிக்கு எங்கூடத் தூக்கியாந்தாரே பக்கத்து வூட்டுக்காரரு, அவருக்கும் இப்ப காய்ச்சல்ங்க. அவரு சம்சாரத்துகிட்டயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

"அண்ணா, தப்பு. அப்படிச் சொல்லாதீங்க. அன்னிக்கு அவங்க தனியாக் கெடந்தது என்னாலதான். நான் சொன்னது தப்பு, யாரையும் நிக்க வெக்காதீங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன். பதில் இல்லை. எந்த வார்த்தையோடு லைன் போனது என்று தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. சாயங்காலம்வரை கூப்பிட்டுப் பார்த்தேன்.

அனுப்புவதற்கு இந்த முறை மினி பஸ்காரரும் இல்லை, இன்னும் படுக்கையில்தான் இருந்தார். மறுநாள் காலை மையத்தின் ஊரடங்கு பாஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரின் பைக்கில் ஏறினேன். மலை ஏறும்வரை அவர் என்னென்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. ரோடு முடியும் இடத்தில் அவரை நிற்கச் சொல்லிவிட்டு, தூரத்தில் வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவரிடம் பாறைக்கு வழி கேட்டு நடந்தேன்.

நான் நினைத்ததைவிடச் சின்னப் பாறை. அதன் மேல் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையால் வாயைச் சுற்றிக் கட்டியிருந்தாள். கையில் போன்.

"எவ்ளோ நேரமா நிக்கறீங்க?"

"வெள்ளன வந்தேங்க. போனு போட்டேன், யாரும் எடுக்கல. திரும்பக் கூப்புடுவாங்கன்னு நிக்கறேன். எங்க வூட்டுக்காரருக்கு நெஞ்சு அடைக்குதுன்றாரு."

"அவர்கிட்ட யாரு இருக்கா?"

அவள் தலையை ஆட்டினாள். யாருமில்லை.

"எறங்குங்க."

"அந்தம்மா சொல்லணுங்க. அவங்க சொல்லாம எறங்கக் கூடாதாம்."

"நான்தாங்க அந்தம்மா" என்றேன். "எறங்குங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பாறையிலிருந்து குதித்து ஓட ஆரம்பித்தாள். நான் மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினேன். அவள் நுழைந்த கதவுக்குள் நானும் நுழைந்தேன்.