வெள்ளைக் கோரையில் கட்டிய இறைச்சி

கெங் ஊவுக்குத் தாங் யியைக் கண்டாலே ஆகாது. இருவரும் ஒரே நாளில் வெய் ஆற்றங்கரை மன்னரின் லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கெங் லாயத்திலேயே குதிரை தேய்த்துக்கொண்டிருந்தான். தாங் மன்னரின் தேரிலேயே ஏறிக் கடிவாளம் பிடித்தான். மன்னர் மேற்கத்திய மேய்ச்சல்காரர்களை விரட்டினார், ஊரைச் சுற்றி மண்மதில் எழுப்பினார், இருபத்தாறு வருடம் ஆண்டார். அந்த இருபத்தாறு வருடமும் கெங்குக்கு வயிற்றெரிச்சலில் போனது.

எல்லாம் ஒரு துண்டு இறைச்சியால் வந்தது. முன்னோர் கோயிலில் பன்றி படைத்த மறுநாள், மன்னர் தமக்கு வேண்டியவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு வெள்ளைக் கோரையில் கட்டி அனுப்புவார். அது எப்போதும் பக்கத்து வீட்டுத் தாங்கின் வாசலோடு நின்றுவிடும். கெங்கின் மனைவி மேய் தினைக்கஞ்சியைக் கிண்டிக்கொண்டே குத்துவாள்.

"அங்க கறி வேகுது. இங்க மூக்கு மட்டும் சாப்பிடுது."

"நான் தேய்ச்சு விடுற குதிரையாலதான்டி அவனுக்குப் பேரு."

"அதை ராஜாகிட்ட போய்ச் சொல்லுங்க. உங்க பேராவது அவருக்குத் தெரியுமா?"

தெரியாது. அதுதான் அவனை அரித்தது.

மன்னர் இறந்தார். நீண்ட ஆட்சியில் ஊர் மறந்திருந்த வழக்கம் அன்று நினைவுக்கு வந்தது. மன்னர் அனுப்பிய இறைச்சியைத் தின்றவர்கள் மன்னரோடு குழிக்குள் போக வேண்டும். எழுத்தர் மூங்கில் பட்டைகளை விரித்து வாசித்தார். தாங்கின் பெயர் மூன்றாவது.

தாங் கடிவாளத்தைக் கெங்கிடம் நீட்டினான். "இடப்பக்கக் குதிரை மிரளும். பாத்துக்க."

கெங்குக்கு அழுகை வரவில்லை. சாவிலும் இவனுக்கு முன்வரிசையா என்றுதான் தோன்றியது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் தோன்றியது.

புது மன்னருக்குத் தேரோட்டி கெங்தான். பெருமையில் மற்றதை அவன் யோசிக்கவே இல்லை. அறுவடைப் படையலுக்கு மறுநாள் கோரைக்கட்டு அவன் வாசலுக்கு வந்தது. தெருவே பார்க்கட்டும் என்று மேய் அதைத் தூக்கிப் பிடித்தாள்.

"பாத்தீங்களா, உங்க பேரும் தெரிஞ்சுபோச்சு."

கெங் அதைத் தொடவில்லை. கட்டைக் கொண்டுவந்த காவலனிடம் கேட்டான்.

"ராஜா உடம்பு எப்படி இருக்கு?"

"அவருக்கென்ன. குளிர் வந்தா கொஞ்சம் இருமல்."

பக்கத்து வாசலில் தாங்கின் மனைவி தினை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமலே சொன்னாள்.

"முதல் தடவை வந்தப்ப நானும் இப்படித்தான் தூக்கிக் காட்டினேன், மேய்."