கிமாராசுக்குப் போன மாம்பழம்

2011 கோடையில் நான் பிரான்சில், ஒபர்வில்லியேயில் ஒரு கிடங்கைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். முழங்கால் அப்போதே போய்விட்டது, அதை விடுங்கள். கூட வேலை செய்தவள் மாரிசெல். பிலிப்பைன்ஸில் கிமாராஸ் என்ற சின்னத் தீவுக்காரி. அங்கே எங்கும் வயலும் மாந்தோப்பும்தானாம்.

"வெளி மாம்பழம் எங்கடை தீவுக்குள்ளை போகேலாது, பப்பா. பூச்சி வந்திடுமெண்டு துறையிலை பையைத் திறந்து பாப்பினம்" என்று பிரெஞ்சில் சொல்லுவாள்.

"எங்கடை ஊர்க் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைத் திண்டு பாக்காத சனம் அப்பிடித்தான்" என்று நான் சிரிப்பேன். பகிடி விடுகிறாள் என்றே நினைத்தேன்.

பிரான்சுக்கு வந்து ஒன்பது வருடத்துக்குப் பிறகு, அந்தக் கோடையில்தான் அவளுக்கு ஊருக்குப் போய்த் திரும்ப வதிவிட விசா கிடைத்தது. ஊரில் தாய் படுத்த படுக்கை. புறப்பட்ட அன்று, லா சப்பல் தமிழ்க்கடையில் வாங்கிய கறுத்தக்கொழும்பான் ஒன்றை அவளுக்குத் தெரியாமல் பைக்குள் வைத்தேன். தாய் ஒருக்கால் ருசித்துப் பார்க்கட்டும் என்ற பெருமைதான்.

ஒரு மாதம் கழித்து வந்தாள்.

"உங்கடை மாம்பழத்தைக் கண்டு பையைக் கொட்டி விசாரிச்சவை, பப்பா. அதுக்குள்ளை கடைசிப் படகு வெளிக்கிட்டிட்டுது. காலமை போனால் அம்மாவுக்கு என்னைத் தெரியேல்லை. முதல்நாள் பின்னேரம் முழுக்க என்ரை பேரைச் சொல்லிக் கேட்டவவாம்."

அவள் ஏசவில்லை. மாம்பழ வற்றல் பக்கெற் ஒன்றை என் கையில் வைத்தாள்.

"எங்கடை ஊர்ப் பழம். சாப்பிடுங்கோ."

சாப்பிட்டேன். உண்மையில் எங்கள் பழத்தைவிட இனிப்பு. அதையாவது அவளிடம் சொல்லியிருக்கலாம்.