சீனப் படத்தில் வந்த அம்மன்

பிள்ளைகளே, உங்கள் மூத்த அக்காவை நீங்கள் பார்த்ததில்லை. நீங்கள் பிறக்குமுன் அவள் ரங்கூன் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தாள். சாயங்காலம் மணி அடித்ததும் எங்களை வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். ஒருநாள் அப்படி வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சீனர் தெருவிலிருந்த பயாஸ்கோப் கொட்டகைக்குள் ஒதுங்கினோம்.

ஊமைப்படம். கவசம் பூண்ட ஒருத்தி வாளோடு குதிரையில் வந்தாள். உங்கள் அம்மா சட்டென்று எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "தாயே, எம்பிள்ளைய வீட்டுக்கு அனுப்பிடு. ஒனக்கு மாவிளக்குப் போடுறேன்."

பின்னாலிருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். கொட்டகையில் வறுகடலை விற்ற நம் ஊர்க்காரர் சிரித்தார். "ஒக்காரும்மா, மறைக்குது. அது சாமியில்ல. வயசான அப்பனுக்குப் பதிலா ஆம்பள வேசத்துல சண்டைக்குப் போற சீனப் பொண்ணு."

"திரும்பி வந்தாளா?"

"வராம? கடைசியில அப்பன் வாசல்லதான் வந்து இறங்குவா. இருந்து பாரு."

"வந்துட்டாள்ல? அப்ப சாமிதான்" என்று மறுபடியும் கும்பிட்டாள். மழை விட்டதும் கிளம்பிவிட்டோம். அன்று ராத்திரிதான் உங்கள் அம்மா கொஞ்சம் தூங்கினாள்.

விடிந்து போய்ப் பார்த்தால், அக்காவின் கட்டிலில் வேறொரு குழந்தை படுத்திருந்தது.

அதன்பிறகு உங்கள் அம்மா எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. காரியம் முடிந்த மறுநாள் நான் மட்டும் அந்தக் கொட்டகைக்குப் போனேன். அதே படம்தான் ஓடியது. சண்டையெல்லாம் முடிந்து, அந்தப் பெண் தகப்பன் வாசலில் குதிரையை நிறுத்தினாள். கிழவர் கதவைத் திறக்குமுன் நான் எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன்.