நாங்கள் பிடுங்கிய மஞ்சள் விளக்கு

இதை முதலில் ஒரு த்ரில்லர் நாவலாகத்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு கண்டுபிடிப்பாளர்கள், மனதைப் படிக்கும் ஒரு கருவி, அதைத் திருட வரும் அயல்நாட்டுக் கும்பல், ஜி.எஸ்.டி. ரோட்டில் கார் துரத்தல். மூன்று அத்தியாயம் எழுதியதும் எனக்கே எரிச்சல் வந்து அழித்துவிட்டேன். அத்தனையும் பொய். எங்கள் கருவியைத் திருட ஒருத்தனும் வரவில்லை. நாங்களே பல்லை இளித்துக்கொண்டு கொண்டுபோய்க் கொடுத்தோம். அதுவும் அந்த ரோட்டில் தாம்பரம் தாண்டி, மாலை ஆறு மணி நெரிசலில் எந்தக் காரும் எந்தக் காரையும் துரத்த முடியாது.

நானும் என் கல்லூரி நண்பனும் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில், ஒற்றை அறையில் அதைச் செய்தோம். தலையில் மாட்டிக்கொள்ளும் பட்டை. உச்சந்தலையில் படும்படி மூன்று உலோகப் பொட்டுகள். மூளையில் ஓடும் மெல்லிய மின்சாரத்தைப் பிடித்து, மாட்டியிருப்பவர் கவனமாக இருக்கிறாரா இல்லையா என்று சொல்லும். மனதைப் படிக்கும் என்பதெல்லாம் நண்பன் விளம்பரத்துக்காக விட்ட கதை. கவனித்தால் பச்சை விளக்கு. கவனம் சிதறினால் சிவப்பு. பொட்டு தலையில் சரியாகப் படவில்லை என்றால் மஞ்சள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று கருவியே ஒப்புக்கொள்ளும் விளக்கு அது. அது இருந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான்.

இரண்டு வருடம் எங்கள் தலைகளிலேயே சோதித்துப் பார்த்தோம். அவனுக்கு முடியே கொஞ்சம். நான் ஹாஸ்டலுக்குப் போன நாளிலிருந்து ஷாம்புதான். இந்த ஊரில் பிள்ளைகள் எப்படித் தலை வாரிக்கொண்டு படிக்கப் போகிறார்கள் என்று இரண்டு மேதாவிகளுக்கும் தோன்றவே இல்லை.

வாங்க வந்தவர் கூடுவாஞ்சேரியில் நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையம் நடத்துகிறவர். கருவியின் ப்ரோகிராமை எழுதியவள் நான். அவர் பேசியதெல்லாம் நண்பனிடம்.

"மூணு கலர் எதுக்கு சார்? டிராபிக் சிக்னலா இது? பேரண்ட்ஸ் குழம்பிடுவாங்க. கவனிக்கிறான், கவனிக்கல. ரெண்டு போதும்."

அவர் போனதும் நண்பன் என்னிடம் திரும்பினான். "ஒரே ஒரு வரிதானேப்பா. மஞ்சள் வர்ற இடத்துல சிவப்பு போட்டுடு."

ஒரு நாள் முழுக்க அவனோடு பேசவில்லை. மறுநாள் காலையில் உட்கார்ந்து, என் கையாலேயே அந்த வரியை மாற்றினேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. நாவலில் வைத்திருந்தேன்.

பட்டைகள் அந்த மையத்து வகுப்புகளுக்குப் போய் மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெற்றோர் கூட்டத்துக்கு எங்களை அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். மாணவர்களும் பெற்றோருமாக ஹால் நிறைந்திருந்தது. பச்சை வாங்கியவர்கள் முன்வரிசை, சிவப்பு வாங்கியவர்கள் பின்வரிசை. மூன்று மாதமும் சிவப்பென்றால் அன்றோடு நீக்கம். பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட ஒரு தாள் அச்சடித்து வைத்திருந்தார்கள். மேடையில் என் நண்பன் பட்டையை மாட்டிக்கொண்டு, பச்சை விளக்கு எரிய எரிய, எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

கடைசி வரிசையிலிருந்து ஓர் அம்மா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். முடிச்சூரில் அபார்ட்மெண்ட் வீடுகளில் வேலை செய்கிறவராம். கையில் அந்தத் தாள். பக்கத்தில் பதினேழு வயது மகள், இரட்டைப் பின்னலோடு குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீங்கதான் இந்த மிஷின் செஞ்சவங்களாமே மேடம். என் பொண்ணுக்கு மூளைல இன்னா கீதுன்னு கொஞ்சம் பாத்து சொல்லுங்க. பத்தாவதுல இஸ்கூல் பஸ்ட்டு மேடம் இவ. இங்க வந்தா டெய்லி செவப்பு. நாளைலேர்ந்து துணிக்கடைல வேலைக்கு அனுப்பலாம்னு பேசிட்டோம்."

"டாக்டர்கிட்ட எதுவும் காட்டினீங்களா?" என்று கேட்டேன். கேட்டேனே, வெட்கம் கெட்டு.

"சூடுதான் மேடம். மூளை சூடாயி கவனம் போவுது. அதான் காலைல ஒரு வாட்டி, கிளாசுக்கு அனுப்பசொல்ல ஒரு வாட்டி, இவளுக்கு உச்சி குளிர எண்ணெ வெச்சிகினு வரேன். அப்பவும் பச்சை வர்ல."

அப்போதுதான் அந்தப் பெண்ணின் தலையைப் பார்த்தேன். வகிட்டிலிருந்து நெற்றி வரை எண்ணெய் வழிந்திருந்தது. அந்தப் பின்வரிசை முழுக்க நோக்கினேன். படிய வாரிய, மினுமினுக்கும் தலைகள். முன்வரிசையில் காற்றில் பறக்கும் முடிகள். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. அந்தப் பிள்ளைகள் கவனித்தார்களா இல்லையா என்பது மூன்று மாதமாக எங்கள் கருவிக்குத் தெரியவே தெரியாது. மஞ்சள் எரிந்திருக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் நான் எழுதிய வரி சிவப்பைப் போட்டிருக்கிறது. சிவப்பைப் பார்த்துப் பார்த்து இந்த அம்மா இன்னும் கொஞ்சம் எண்ணெய் வைத்திருக்கிறார்.

கீழே இறங்கிப் போய்ப் பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் தேங்காய் எண்ணெய் வாங்கினேன். மேலே வந்து நேராக மேடை ஏறினேன். எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவனின் பட்டையை நகர்த்தி, உச்சியில் பாக்கெட்டைப் பிதுக்கி நன்றாகத் தேய்த்து, மறுபடியும் மாட்டினேன். சிவப்பு எரிந்தது. ஹாலே சிரித்தது.

"சிரிக்காதீங்க. இவன் ஒரு நிமிஷத்துல முட்டாள் ஆயிட்டானா? இந்த மிஷினுக்கு எண்ணெய் வெச்ச தலை தெரியாது. அதைச் சொல்ல வேண்டிய விளக்கை நான்தான் எடுத்தேன். பின்னாடி உக்காந்திருக்கிற பிள்ளைங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

மையத்துக்காரர் ஒன்றும் பதறவில்லை. "அவ்ளோதானே மேடம்? எண்ணெய் வெச்சுக்கிட்டு வரக் கூடாதுன்னு நாளைக்கே போர்டு போட்டுடறேன்."

நண்பன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி என் காதருகே சீறினான். "தனியா சொல்லியிருக்கலாம்ல. அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிக்கலாம்."

"மூணு மாசமா போட்ட சிவப்பை எந்த வெர்ஷன்ல சரி பண்ணுவ?" என்று மைக்கிலேயே கத்தினேன். பல வருட நட்பு அந்த இடத்தில் முடிந்தது. இன்றுவரை அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

இறங்கி அந்த அம்மாவிடம் போனேன். "அப்போ நான் வெச்ச எண்ணெயாலயா மேடம்? நான்தான் கெடுத்துக்கினேனா?"

"இல்லைம்மா. நீங்க இல்ல. நான்." இரண்டு முறை சொன்னேன். அது அவர் காதில் ஏறவே இல்லை. நான்தான், நான்தான் என்று தன் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்தாள். மூளையை மூன்று மாதம் படித்துத் தள்ளிய நாங்கள் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சற்று முன் பக்கத்திலேயே நின்ற நானும் அவள் அம்மாவைத்தான் விசாரித்தேன்.

"நான் கவனிச்சிகினுதான் இருந்தேன்" என்றாள். "சார்கிட்ட சொன்னேன். உன்கிட்டயும் டெய்லி சொன்னேன். பொய் சொல்றேன்னு வாய்லயே அடிச்சியேம்மா."

கையெழுத்துப் போட வேண்டிய தாள் அந்த அம்மாவின் மடியில் கிடந்தது. நான் அதை எடுத்துக் கிழித்துப் போட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கக்கூட இல்லை. துப்பட்டா நுனியால் உச்சியிலிருந்த எண்ணெயை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.