அறுபது சைக்கிள் மோட்டார்

திண்டுக்கல்லில் மோட்டார் எரிந்தால் ஜமால் முகமதுவிடம்தான் கொண்டுபோவார்கள். பதினைந்து வருடமாக அப்படித்தான்.

1963இல், தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த கிதர் முகம்மது பழைய அமெரிக்கப் பளுதூக்கி ஒன்றை மதராஸில் வாங்கி வந்தார். குழியிலிருந்து ஈரத்தோலைத் தூக்குவதற்கு. கரண்ட் வந்தால் மோட்டாரின் பிரேக் விடும். நின்றால் ஸ்பிரிங் இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிரேக்கை விடுவிக்கும் காயில் என்ற கம்பிச் சுருள் எரிந்தது. ஜமால் பழைய சுற்றை எண்ணி அப்படியே கட்டிக் கொடுத்தார். நாலாம் நாள் மறுபடி எரிந்தது.

முதலாளி சுருளிவேலைக் கூப்பிட்டார். ஐ.டி.ஐ. படித்த இருபத்து நாலு வயசுக்காரன். மோட்டாரில் இருந்த தகட்டைத் துடைத்துப் படித்தான்.

"இது அறுபது சைக்கிள் மோட்டார், முதலாளி. நம்ம ஊர் கரண்டு செகண்டுக்கு அம்பது சைக்கிள்தான். அதான் காயில் கூடுதலா கரண்டு இழுக்குது. சுத்தைக் கூட்டணும்."

அந்தத் தகட்டை ஜமாலும் பார்த்திருந்தார். அர்த்தம்தான் தெரியவில்லை.

"படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்," என்றார் முதலாளி, ஜமாலின் காதுபட.

அன்று ஜமால் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். "அவன் கையில ஒரு காயம் கெடையாது. அவனெல்லாம் மெக்கானிக்காம்," என்றார் மனைவி ரம்ஜான் பீவியிடம்.

சுருளிவேல் கட்டிய காயில் எரியவில்லை. மற்ற ஷாப்புக்காரர்களும் அவனையே தேடினார்கள்.

வேறு வேலையாக ஒரு பிற்பகல் கிதர் முகம்மதுவின் ஷாப்புக்குப் போன ஜமாலுக்குப் பிரேக் கருகும் வாடை அடித்தது. உடனே புரிந்துவிட்டது. பிற்பகலில் சுற்றுப்பட்டுக் கிணறுகளில் பம்புசெட்டுகள் ஓடும். நானூறு வோல்ட் முந்நூற்று நாற்பதுக்கு இறங்கிவிடும். சுற்று கூடிய காயிலுக்கு அது போதாது. பிரேக் முழுக்க விடாமல் உரசிக்கொண்டே ஓடியது. பிரேக் கட்டை தேய்ந்தால் ஒருநாள் பாரத்தைப் பிடிக்காது.

அவர் சொல்லவில்லை. தேயட்டும் என்று நினைத்தார். அடுத்த பத்து நாளும் அந்த வழியாகவே போய் வாடை பிடித்தார்.

பதினோராம் நாள் பிரேக் பிடிக்காமல் தோல்கட்டு நழுவி, குழியில் வேலை செய்த பேச்சிமுத்துவின் கால் முறிந்தது.

முதலாளி எல்லார் முன்னாலும் சுருளிவேலைத் திட்டினார். இதைப் பார்க்கத்தான் ஜமால் காத்திருந்தார். ஆனால் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் முன்னால் வந்தார்.

"எனக்குப் பத்து நாளாத் தெரியும், முதலாளி."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"அவன் பேரு கெடட்டும்னு இருந்துட்டேன்."

சுருளிவேல் நிமிர்ந்து பார்த்தான். "மத்தியானத்துக்கு மேல வர்ற வோல்டேஜை நானும் அளந்திருக்கணும், பாய்," என்றான்.

இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, சுற்றைக் கொஞ்சம் குறைத்து, தடிமனான கம்பியில் காயில் கட்டினார்கள். அது எரியவும் இல்லை, பிரேக் உரசவும் இல்லை. பேச்சிமுத்துவின் கால் மட்டும் நேராகக் கூடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஜமால் அவனைப் பார்க்கப் போவார். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார்.

1967இல் சுருளிவேல் சொந்தக் கடை திறந்தான். அவன் அழைத்ததால் ஜமால் போய் வந்தார்.

"கடை எப்படி?" என்று கேட்டாள் ரம்ஜான் பீவி.

"போர்டுல எழுத்து கொஞ்சம் கோணல்," என்றார்.