நடை விளக்கு எரியாத மூன்று நாட்கள்

பக்கவாதம் வந்து இடது கால் தளர்ந்த பிறகு என் மனைவி ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். யாரையும் கூப்பிடாமல் கழிவறைக்குப் போய்வர வேண்டும். திருவையாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய வீட்டில், அறையிலிருந்து கழிவறைக்குப் போகும் நடை பகலிலேயே இருட்டாக இருக்கும். வாக்கரை இரண்டு கையாலும் பிடித்து நடப்பவள் சுவிட்சை எங்கே தேடுவது?

சென்னையில் இருக்கும் மகள்தான் சித்திரையில் ஸ்மார்ட் விளக்குகளுக்கு ஏற்பாடு செய்தாள். கட்டிலோரம் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் கூடத்து அலமாரியில் இருக்கும் கேட்வே என்ற வெள்ளைப் பெட்டிக்குத் தகவல் போகும். அந்தப் பெட்டி, கம்பி எதுவும் இல்லாமலே நடை விளக்கையும் கழிவறை விளக்கையும் எரிய வைக்கும். வயரிங் வேலையிலேயே தலை நரைத்த எனக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. ஆனால் முதல் நாள் தனியாகப் போய்வந்து கட்டிலில் உட்கார்ந்தவளின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

புரட்டாசியில் ஒரு நாள் காலை பொத்தானை அமுக்கினாள், விளக்கு எரியவில்லை. அடாப்டரை மாற்றினேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதன் நீல விளக்கு என்னவோ சமர்த்தாக எரிந்தது. செல்போனில் பார்த்தால், இதே பெட்டியோடு சேர்த்திருந்த கூடத்து விளக்கு சொன்னபடி கேட்டது, மற்ற இரண்டும் ஆஃப்லைன் என்றது. ஒரு சாதா பல்பைத் தொங்கவிட்டிருந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். அந்தப் பெட்டியிடம் தோற்க எனக்கு மனசில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு நானே அவளோடு போய்வந்தேன்.

தஞ்சாவூரில் விளக்கு வாங்கிய கடைக்குப் போன் போட்டேன். அங்கே வேலை பார்க்கும் பெண் பொறுமையாகக் கேட்டார்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு சார். அந்த ரெண்டு விளக்குக்கும் சிக்னல் போகல. நடுவுல ஏதாச்சும் புதுசா வச்சிருக்கீங்களா? பீரோ, ஃபிரிட்ஜ் மாதிரி?"

"புதுசா ஒண்ணும் இல்லீங்க."

"கொஞ்சம் நல்லா பாத்துச் சொல்லுங்க சார்."

"என் வீடு எனக்குத் தெரியாதா?" என்று போனை வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு, கூடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். வேண்டா வெறுப்பாக அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அந்த மூட்டையெல்லாம் என்ன சார்?"

"நெல்லுங்க. மழையில அறுத்தது. ஈரம் காயல, அதான் உள்ள அடுக்கியிருக்கோம்."

"எப்ப அடுக்குனீங்க?"

"மூணு நாள் ஆச்சு."

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. குறுவை அறுப்பும் மழையும் சேர்ந்து வந்தால் கூடத்தில் மூட்டை ஏறுவது எங்களுக்கு வருஷா வருஷம் நடப்பது. அதைப் போய் யார் புதுசு என்பார்கள்? ஆனால் பெட்டிக்கு இதுதான் முதல் அறுவடை. அலமாரிக்கும் நடைக்கும் நடுவில் உத்தரம் வரைக்கும் ஈர நெல்லை அடுக்கியவன் நான்தான். ஈரம் சிக்னலை உறிஞ்சிவிடும் என்றார் அந்தப் பெண். சிரிக்கவில்லை, அதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நீளமான கேபிள் இழுத்து, பெட்டியை நடை வாசலுக்கு மேலே மாட்டினேன். அவளை அமுக்கச் சொன்னேன். இரண்டு விளக்கும் எரிந்தன.

உடனே எழுந்து போவாள் என்று நின்றேன். அவள் எழவில்லை. "ஏங்க, ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்றாள். கொடுத்தேன். வாயிலிருந்து எடுக்காமல் குடித்தாள். இன்னொன்று கேட்டாள்.

"என்ன இவ்வளவு தாகம்?"

"மூணு நாளா மாத்திரைக்கு மட்டுந்தாங்க குடிச்சேன். குடிச்சா உங்களக் கூப்பிடணுமே."

நான் பெட்டியோடு மல்லுக்கட்டிய மூன்று நாளும் அவள் என் கண்ணெதிரே தொண்டை வறண்டு கிடந்திருக்கிறாள். சொம்பை வாங்கிக்கொண்டு தண்ணீர் மொள்ளப் போனேன்.